ஏ மைனரில் மங்கிய கிட்டார்: ஒரு தோட்டத்து இசைக்குழுவின் பாடல் பதிவு

பின்னணி

நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் இளைஞர்கள் சேர்ந்து ஒரு பாட்டு செய்தார்கள். தப்பு என்ற தோல் மேளத்தின் அடியில் தொடங்கி, நடுவில் மின்கிட்டார்கள் ஏறி, கடைசியில் இரண்டும் சேர்ந்து முழங்குகிற பாட்டு. சுருதி ஏ மைனர். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடியே ஆயுள் கழிந்த ஒரு பாட்டியைப் பற்றிய வரிகள். அவற்றைக் குழுவில் ஒருவரே எழுதியிருந்தார். ஒரு சொல்கூடக் காதில் விழாமல் போகக்கூடாத வரிகள் அவை. இந்தப் பதிவை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்ட், தப்பு வாசிப்பவர்கள், ஒரு பாடகி. மூத்த கிட்டார்காரர் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இரண்டாவது கிட்டார் வாசிக்கும் தம்பிக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. போயா (பௌர்ணமி) லீவுக்கும் பண்டிகைக்கும்தான் ஊருக்கு வருவார். அதனால் எதைத் திட்டமிட்டாலும் அவருடைய லீவைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

பாட்டை அவர்களே பதிவு செய்து, அவர்களே மிக்ஸ் செய்திருந்தார்கள் (தனித்தனிப் பதிவுகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது). தைப்பொங்கலுக்கு முன் வெளியிட எண்ணம். ஹட்டனில் நான் நடத்தும் சின்னப் பதிவு அறைக்கு அந்த மிக்ஸை ஐப்பசியில் பென் டிரைவில் கொண்டு வந்தார்கள். "அண்ணே, ஆம்புல நல்லாத்தான் கேட்டுச்சி. பாட்டுக்குள்ள போட்டா கிட்டார் எங்க போகுதுன்னே தெரியல" என்றார் தம்பி. குழுவின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து நடந்ததை எழுதுகிறேன்.

முதல் பதிவில் கேட்டது

கிட்டார் இல்லாத முதற்பகுதி அழகாக இருந்தது. தப்பை வீட்டு வாசலில், தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, அங்கேயே பதிவு செய்திருந்தார்கள். குச்சி விழும் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பாடகியின் குரலும் தெளிவு.

கிட்டார்கள் நுழைந்ததும் நிலைமை மாறியது. கிட்டாரின் அளவைக் கூட்டினால் குரல் மூழ்கியது. குறைத்தால் கிட்டார் இருந்த இடமே தெரியவில்லை. நடுவில் ஒரு சரியான அளவு இருந்திருக்க வேண்டும், ஆனால் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இந்த அறிகுறியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அளவு மட்டும் பிழை என்றால் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்தும்போது எங்காவது ஒரு இடத்தில் சரியாக நிற்கும். எங்குமே நிற்கவில்லை என்றால் பிரச்சினை ஒலிக்குள்ளேயே இருக்கிறது.

இன்னும் கவனித்தவை: கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஏ மைனருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அடியில் ஒரு உருமல் எழுந்தது, மற்றக் கோர்டுகளில் அந்த அளவுக்கு இல்லை. மாஸ்டரின் கிட்டார் கரகரவென்று தடித்திருந்தது, கம்பியில் பிக் (மீட்டும் வில்லை) படும் தொடக்கம் எங்குமே கேட்கவில்லை. தம்பியின் கிட்டார் கம்பளி போர்த்தியது போல மேல்பகுதி இல்லாமல் இருந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன் அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரைச்சல். இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் ஒரே கிட்டார் பதிவைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள், அகலமாகக் கேட்கும் என்று. ஒரே பதிவு இரண்டு பக்கமும் இருந்தால் காது அதை நடுவில்தான் கேட்கும்; சத்தம் கூடுமே தவிர அகலம் வராது.

மிக்சிங்கிலேயே சரிசெய்ய முடியுமா

முதலில் அதைத்தான் பார்த்தோம், ஏனென்றால் தம்பி திரும்பக் கொழும்புக்குப் போகிற நாள் நெருங்கியிருந்தது. கிட்டார்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். 250 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கினோம். உருமல் அடங்கியது. ஆனால் அடங்கிய பிறகு மிஞ்சியது மிகக் குறைவு. தம்பியின் கிட்டாரில் 4 கிலோஹெர்ட்ஸை ஏற்றினால் இரைச்சல் மட்டும் ஏறியது. மாஸ்டருடையதில் ஏற்றினால் டிஸ்டார்ஷனின் (ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் விளைவு) சீறல் ஏறியது. ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருப்பதைக் கூட்டவும் குறைக்கவும்தான் உதவும். பதிவாகாத ஒன்றை அதால் கொண்டுவர முடியாது.

டிஸ்டார்ஷன் போட்டுப் பதிவான ஒலியிலிருந்து டிஸ்டார்ஷனைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. கிட்டாரிலிருந்து நேராக வரும் சுத்தமான சிக்னலைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தால் அதை வேறு ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கலாம். அது இல்லை. ஆகவே எடுத்த முடிவு: தப்பு, குரல், பேஸ் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வது, கிட்டார்கள் இரண்டையும் மறுபடி பதிவு செய்வது. எல்லோரும் தப்பைக் கேட்டுத்தான் முதலில் வாசித்திருந்தார்கள் என்பதால் இப்படிப் பிரித்து எடுப்பதில் தாளச் சிக்கல் எதுவும் இல்லை.

மறுபதிவுக்கு முன் பழைய பதிவு ஏன் அப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். காரணம் தெரியாமல் திரும்ப எடுத்தால் அதே ஒலிதான் திரும்ப வரும். அதனால் அவர்கள் பதிவு செய்த இடத்துக்கே போனோம்.

காம்பராவும் ஆம்பும்

பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) காம்பரா (அறை). 10 அடிக்கு 12 அடி. சிமெந்துத் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர், தகரக் கூரை. சுவர்களில் கம்பளியும் படங்கும் தொங்கவிட்டிருந்தார்கள். 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்னப் பயிற்சி ஆம்ப், மூலையில், தரையில். அதன் வலையோடு ஒட்டி, ஸ்பீக்கரின் நடுவுக்கு நேராக ஒரு டைனமிக் மைக். ஆம்பின் கெயின் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் திருகு) கிட்டத்தட்ட முழுதாகத் திருகப்பட்டிருந்தது.

ஏ மைனரில் மட்டும் ஏன் உருமல் என்ற கேள்விக்கு அந்த அறையின் அளவே பதில் சொன்னது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி முன்னும் பின்னும் போய்வரும்போது சில அதிர்வெண்கள் தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்ளும். ஒலியின் வேகத்தை, சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். அதன் மடங்குகள் அடுத்தடுத்தவை. மலைநாட்டுக் குளிரில் ஒலி வேகத்தை விநாடிக்கு 340 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். 12 அடி என்பது 3.66 மீற்றர், அதற்குச் சுமார் 46 ஹெர்ட்ஸும் 93 ஹெர்ட்ஸும் வரும். 10 அடி என்பது 3.05 மீற்றர், அதற்குச் சுமார் 56 ஹெர்ட்ஸும் 111 ஹெர்ட்ஸும் வரும். கிட்டாரின் ஐந்தாம் கம்பி, திறந்த ஏ, 110 ஹெர்ட்ஸ். அதன் கீழ் எண்மம் (ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே சுரம்) 55. அந்த காம்பராவின் அகலமே ஏ சுரத்துக்குச் சுருதி கூட்டியது போல அமைந்துவிட்டது. ஆம்பை மூலையில் வைத்ததால் அறையின் எல்லாப் பெருக்கங்களும் ஒன்றாகக் கிளம்பின.

பழைய லயங்களில் இந்த அளவு பரவலாக இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் பதிவு செய்யும் நம் பிள்ளைகளில் பலர் இதே காம்பராக்களில்தான் பதிவு செய்கிறார்கள். அந்த உருமலை ஆம்பின் குறை, கிட்டாரின் குறை என்று நினைத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

கம்பளி ஏன் உதவவில்லை? சுவரோடு ஒட்டித் தொங்கும் துணி மேல் அதிர்வெண்களை மட்டும்தான் உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீற்றர், அதை அடக்க வேண்டுமானால் பொருளின் தடிப்பும் சுவரிலிருந்து அதற்கு உள்ள இடைவெளியும் அந்த நீளத்தின் காற்பங்கோடு ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பளி தெளிவு தரும் மேல் பகுதியை விழுங்கிவிட்டு, உருமலை அப்படியே விட்டுவிட்டது. அறை மங்கலாகக் கேட்டதால் மாஸ்டர் ஆம்பில் டிரெபிளைக் கூட்டினார். கூட்டியதில் மைக்குக்கு எட்டியது சீறல்.

மைக்கின் இடத்துக்கும் பங்கு உண்டு. முன்னால் வரும் ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் வகை மைக்கை ஒலிக்கு மிக அருகில் கொண்டுபோகப் போக அடி அதிர்வெண்கள் தானாக ஏறும். ஸ்பீக்கரின் நட்ட நடு மிகவும் கூர்மையாகக் கேட்கும். விளிம்பை நோக்கி நகர நகர மென்மையாகும். வலையோடு ஒட்டி, நடுவுக்கு நேராக வைத்தால் கீழே உருமலும் மேலே சீறலும் சேர்ந்து வரும். பாட்டுக்குத் தேவையான நடுப்பகுதி அந்த இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிப் போகும்.

தம்பியின் கிட்டாருக்கு வேறு கதை. அவர் ஆம்ப் இல்லாமல் நேரே இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) செருகியிருந்தார். அதன் முன்புறத்தில் கிட்டாருக்கென்று இருந்த பட்டன் அமுக்கப்படவில்லை. சாதாரண கிட்டாரின் பிக்கப்புக்குச் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் சுருள்) சுமார் 1 மெகாஓம் உள்ளீட்டுத் தடை வேண்டும். லைன் உள்ளீடு என்பது பொதுவாக 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும். அவ்வளவு குறைந்த தடையில் மாட்டினால் பிக்கப்பின் மேல் அதிர்வெண்கள் அங்கேயே இறந்துவிடும். அதோடு அவர் பயன்படுத்தியது திருவிழா மேடைக்கு வாங்கிய 30 அடிக் கேபிள். கிட்டார் கேபிளின் கொள்ளளவு மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபராட். நீளம் கூடக் கூட மேல்பகுதி இன்னும் குறையும். பட்டனை அமுக்கி, 3 மீற்றர் கேபிளில் அதே கிட்டாரை அவர் வாசித்தபோது பக்கத்தில் நின்ற மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரைச்சல்

இரைச்சலில் இரண்டு வகை கலந்திருந்தது. ஒன்று மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இரண்டு கிட்டாரிலும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். அவை சுற்றியுள்ள காந்தப்புலத்தை அப்படியே வாங்கிவிடும். தம்பி நின்ற இடத்திலேயே உடலைத் திருப்பியபோது இரைச்சல் கூடிக் குறைந்தது, அதுதான் அடையாளம். மற்றது மெல்லிய கீச்சொலி. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பெட்டரியில் ஓட்டியதும் அது நின்றுபோனது.

முதலாவதற்கு எளிய வழி இருந்தது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை நீக்கும் ஹம்பக்கரை 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்தார். மூன்று ஒற்றைச் சுருள் உள்ள பல கிட்டார்களில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். சுவிட்சை இரண்டாம் அல்லது நான்காம் நிலையில் வைத்தால் அதே வேலை நடக்கும். தம்பியின் கிட்டார் அந்த வகைதான். நான்காம் நிலையில் வைத்ததும் இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது, ஒலியும் பளிச்சென்று வந்தது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காம்பராவில் மண்ணிணைப்பு இல்லாத மல்டிபிளக் ஒன்றில்தான் எல்லாமே மாட்டியிருந்தது. இரைச்சலைக் குறைக்க எர்த் முள்ளைக் கழற்றி விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்பில் பழுது வந்தால், கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைக்கும் பிள்ளையின் உடல் வழியாகக் கரண்ட் பாயும். எந்தப் பாட்டுக்காகவும் அதைச் செய்யக்கூடாது. மறுபதிவைத் தோட்டத்து வாசிகசாலைக்கு மாற்றியதற்கு முதல் காரணம், அங்கே முறையான மூன்று முள் பிளக் பொயின்ட் இருந்ததுதான். இடம் பெரிது என்பது அடுத்த காரணம்.

வாசிப்பை மாற்றிய முடிவு

கருவிச் சிக்கல்கள் தெளிவான பிறகும் முக்கியமான ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பேசத்தான் அதிக நேரம் எடுத்தது.

இரண்டு கிட்டாரும் ஐந்தாம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டு) ஒரே பார் கோர்டை (ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிப்பது), ஆறு கம்பியிலும், ஒரே அடியில் வாசித்தன. கீபோர்டும் அதே எண்மத்தில் அதே கோர்டை நீட்டிப் பிடித்தது. மூன்று பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே சொல்லைச் சொன்னால் எந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்கு மேல் மாஸ்டரின் கனத்த டிஸ்டார்ஷன்.

டிஸ்டார்ஷன் கோர்டை ஏன் கலக்குகிறது என்பதை அவர்களுக்குக் கணக்காகவே காட்டினேன். மாஸ்டர் கணிதம் படிப்பிக்கிறவர், அதனால் அது கைகொடுத்தது. இரண்டு சுரங்கள் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவை மட்டும் வெளியே வராது. ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வரும் அதிர்வெண்களும் புதிதாகப் பிறக்கும். ஏவும் அதன் ஐந்தாம் சுரமான ஈயும் சேர்ந்தால், 110க்கும் 164.8க்கும் கிடைப்பவை சுமார் 55உம் 220உம். இரண்டுமே ஏதான். அதனால்தான் இந்த இரண்டு சுரம் மட்டும் உள்ள பவர் கோர்ட் எவ்வளவு டிஸ்டார்ஷனிலும் உறுதியாக நிற்கிறது. ஆனால் பார் கோர்டில் ஏயும் சியும் சேர்ந்தால், 220க்கும் 261.6க்கும் கிடைப்பவை 178உம் 303உம். 178 எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் விழுகிறது. 303 டிக்கும் டி ஷார்ப்புக்கும் நடுவில். எந்தச் சுரத்திலும் சேராத, கோர்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒலிகள், அதுவும் ஏற்கெனவே நெரிசலான பகுதியில். மைனர் கோர்டின் துயரத்தைச் சொல்வதே அந்த சி சுரம். அதைத்தான் டிஸ்டார்ஷன் முதலில் சிதைத்தது.

மாஸ்டர் தாளை எடுத்து மற்றக் கோர்டுகளுக்கும் போட்டுப் பார்த்தார். அப்புறம் அவரே சொன்னார்: "அப்ப நான் பவர் கோர்ட் மட்டும் புடிக்கிறேன். மைனரை தம்பி மேல புடிக்கட்டும்."

முடிவுகள் அப்படியே உருவாகின. மாஸ்டர் கீழ்க் கம்பிகளில் பவர் கோர்ட் மட்டும், டிஸ்டார்ஷனோடு. தம்பி மேல் மூன்று கம்பிகளில், ஒன்பதாம் ஃபிரெட்டுக்கு மேலே, டிஸ்டார்ஷன் மிகக் குறைவாக, கோர்டை உதிரி உதிரியாக. பாடும் இடங்களில் கீபோர்ட் நிற்கும். இடையிசையில் மட்டும் ஓர் எண்மம் மேலே வரும். கீபோர்ட் வாசிக்கும் பிள்ளைக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது, அது நியாயம்தான். அவருக்காக இடையிசையில் தனியாக ஒரு மெட்டு சேர்த்தோம். பாட்டுக்கு அது நல்லதாகவே முடிந்தது.

கெயினைப் பற்றித்தான் வாக்குவாதம் நீண்டது. மாஸ்டர் பாதிக்குக் கீழே இறக்க மனம் வராமல் நின்றார். தனியே கேட்டால் ஒலி மெலிந்து போகிறது என்பது உண்மை. அதிக டிஸ்டார்ஷனில் ஒலியலையின் உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டுப்படும். மெதுவாக அடித்ததும் பலமாக அடித்ததும் ஒரே அளவாகிவிடும். பிக்கின் தொடக்கம் கேட்காமல் போனதற்கு அதுதான் காரணம். பாட்டுக்குள் கிட்டாரைக் காதுக்குக் காட்டிக் கொடுப்பது அந்தத் தொடக்கம்தான். தடிப்பு வேண்டுமென்றால் கெயினில் தேடாமல், அதே பகுதியைத் திரும்ப ஒருமுறை வாசித்து இடம் வலமாகப் போடலாம் என்று சொன்னேன். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகளே அகலத்தைத் தருகின்றன. கடைசிப் பல்லவிக்கு மட்டும் பழைய கெயினில் ஒரு வாசிப்பு சேர்ப்பதென்று உடன்பாடு வந்தது.

மறுபதிவு

ஐப்பசி, கார்த்திகையில் மலைநாட்டில் காலை வெளுத்திருக்கும்; பிற்பகலில் இடியோடு மழை. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பதிவு இல்லை. இடி கேட்டாலே எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். ஆகவே தம்பி வந்த போயா லீவின் காலைப் பொழுதுகளையே எடுத்துக்கொண்டோம்.

கம்பிகள் துருப்பிடித்திருந்தன. நம் பக்கத்து ஈரத்தில் கம்பி வேகமாகச் செத்துவிடும். புதுக் கம்பி மாட்டி, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இன்டோனேஷன் (கழுத்தின் மேலேயும் சுருதி சரியாக நிற்பது) சரிபார்த்து, கிட்டார்களை வாசிகசாலையிலேயே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம்தான் சுருதி கூட்டினோம். குளிரில் கூட்டிய கம்பி அறை சூடேறும்போது நீண்டு சுருதி இறங்கும். சுத்தமான ஒலியில் மன்னிக்கப்படும் சின்னச் சுருதிப் பிசகு டிஸ்டார்ஷனில் மன்னிக்கப்படாது. அதனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் சுருதி பார்த்தோம்.

ஆம்பை மூலையிலிருந்து எடுத்து, அறையின் நடுவை விட்டுச் சற்று விலக்கி, ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தோம். மைக் வலையிலிருந்து நாலு விரல் தூரத்தில், ஸ்பீக்கரின் நடுக் குமிழின் விளிம்பைப் பார்த்தபடி. ஒருவர் வாசிக்க, மற்றவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மைக்கை மெல்ல நகர்த்தி இடத்தைப் பிடித்தார். விரலளவு நகர்த்தலுக்கு ஈக்யூவால் தர முடியாத மாற்றம் வந்தது.

அறையின் ஒலிக்காக இன்னொரு மைக்கைத் தூரத்தில் வைக்கலாமா என்று பேஸ் வாசிப்பவர் கேட்டார். வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டோம். இரண்டு மைக்குகளுக்கும் ஒலி வந்து சேரும் தூரத்தில் 34 சென்டிமீற்றர் வித்தியாசம் இருந்தால் 1 மில்லிசெக்கன்ட் தாமதம். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் தெளிவு இருப்பதே அந்தப் பகுதியில்தான். ஒரு மைக் நன்றாக இருக்கும்போது இரண்டாவது எதற்கு?

இன்னொரு சேனலில் டிஐ, அதாவது கிட்டாரிலிருந்து நேராக வரும் சுத்தமான சிக்னல். ஹட்டனில் ஒரு தேவாலயத்தின் சவுண்ட் செட்டிலிருந்து டிஐ பெட்டி ஒன்றை இரவல் தந்தார்கள். கிட்டார் அந்தப் பெட்டிக்குள் போய், ஒரு வழியில் ஆம்புக்கும் மறு வழியில் இன்டர்ஃபேஸுக்கும் பிரிந்தது. ஆம்பில் எடுத்தது பிடிக்காவிட்டாலும் தம்பி கொழும்பிலிருந்து திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே நோக்கம். அளவை உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழேயே வைத்து, 24 பிட்டில் பதிவு செய்தோம்.

மிக்சிங்

இந்தப் பகுதி விரைவாக முடிந்தது. மாஸ்டரின் இரண்டு வாசிப்புகள் இடமும் வலமும். தம்பியுடையது ஒரு பக்கம் பாதியளவு தள்ளி. இடையிசையில் கீபோர்ட் அதற்கு எதிர்ப்பக்கம். பேஸ், தப்பு, குரல் நடுவில். கிட்டார்களில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அந்த இடம் பேஸுக்கு. மாஸ்டருடையதில் 300 ஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபெல் இறக்கம், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு. முதல் மிக்ஸில் குரல், தப்பு, கிட்டார் எல்லாவற்றிலும் 3 கிலோஹெர்ட்ஸை ஏற்றியிருந்தார்கள், தெளிவுக்காக. எல்லாவற்றிலும் ஏற்றினால் எதுவும் முன்னுக்கு வராது. இந்த முறை அந்த இடத்தைக் குரலுக்கும் தப்பின் குச்சிக்கும் விட்டுவிட்டு, கிட்டாரை 1.5 கிலோஹெர்ட்ஸ் அருகில் சற்றே உயர்த்தினோம். எதிரொலியைத் தம்பியின் கிட்டாருக்கு மட்டும் கொடுத்து, அதன் அடிப்பகுதியை வெட்டினோம்.

ஒவ்வொரு மாற்றத்தையும் போட்டும் எடுத்தும் கேட்டபோது இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திக்கொண்டோம். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே கேட்கும். சத்தம் மாறும்போது காது அடி, மேல் அதிர்வெண்களை உணரும் விதமும் மாறுகிறது என்பதை 1933இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியிருக்கிறார்கள். சமப்படுத்தாமல் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை.

தனியே கேட்கும் சோலோ பட்டனை மாஸ்டர் அடிக்கடி அமுக்கினார். தனியாக மாஸ்டரின் கிட்டார் மெலிந்துதான் கேட்டது. பேஸோடு சேர்த்துக் கேட்டதும் அந்த மெலிவு காணாமல் போனது, ஏனென்றால் தடிப்பைப் பேஸ் தந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பட்டனை விட்டுவிட்டார்.

கடைசியில் எல்லாவற்றையும் மோனோவாக்கி (இடம் வலத்தை ஒன்றாக்கி), கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டோம். பாட்டு போய்ச் சேரப்போவது கைபேசிக்கும் பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும்தான். அங்கே அடிப்பகுதி அநேகமாக இருக்காது. நடுப்பகுதி சொல்வதுதான் பாட்டு. வரிகள் முழுதாகக் கேட்டன. கிட்டார்கள் இரண்டும் வெவ்வேறாகத் தெரிந்தன.

என்ன ஆனது

பாட்டு பொங்கலுக்கு முன் வெளியானது. எந்தப் பாட்டியை நினைத்துப் பாட்டு எழுதப்பட்டதோ, அவருடைய குடும்பத்தார் அதைக் கைபேசியில் கேட்டு, வரிகளை எழுதித் தரச் சொல்லாமலேயே திரும்பச் சொன்னார்கள் என்று மாஸ்டர் தெரிவித்தார். எனக்கு அந்தச் செய்தி பெரிய நிறைவு.

முழுதாகத் தீராதவையும் உண்டு. மாஸ்டரின் கிட்டாரில் ஒற்றைச் சுருளின் இரைச்சல் மெல்லியதாக மிச்சமிருக்கிறது. வாசிக்காத இடங்களைக் கையால் வெட்டி மறைத்தோம், ஆனால் கடைசிச் சுரம் கரையும்போது கூர்ந்து கேட்டால் தெரியும். பழைய கெயினைச் சேர்த்த கடைசிப் பல்லவியில் தெளிவு கொஞ்சம் குறைகிறது. அந்த இடத்தில் குழு வேகத்தையே விரும்பியது. அது அவர்களுடைய பாட்டு, அந்தத் தீர்மானத்தை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த முறை மாறுபவை

டிஐ இனி முதல் நாளிலிருந்தே எடுக்கப்படும், ஆம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். தம்பியிடம் இப்போது கொழும்பிலேயே சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று இருக்கிறது. அடுத்த பாட்டுக்கு அவர் தன் பகுதியை அங்கிருந்தே சுத்தமாகப் பதிவு செய்து அனுப்புவார். வாசிகசாலையில் அதை ஆம்ப் வழியாக ஓட்டி மைக்கில் பிடிப்போம். லீவுக்காகக் காத்திருப்பது அதோடு முடியும்.

யார் எந்த எண்மத்தில் வாசிப்பது என்பதைப் பதிவுக்கு முன், ஒத்திகையிலேயே, கைபேசியில் மோட்டாகப் பதிவு செய்து கேட்டு முடிவெடுப்பார்கள். கைபேசிப் பதிவில் இரண்டு கிட்டாரும் பிரிந்து கேட்கவில்லை என்றால் நல்ல மைக்கிலும் பிரிந்து கேட்காது. மாஸ்டர் தன் கிட்டாரின் பிரிட்ஜ் பக்கத்தில் ஹம்பக்கர் ஒன்று மாட்டப் பார்க்கிறார். தப்பு வாசிப்பவர்கள் கேட்டிருப்பது வேறு: அடுத்த பாட்டில் கிட்டாரும் தப்பும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிக்க வேண்டும். அப்படியானால் ஆம்பை வாசிகசாலைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கிட்டார்காரர்கள் நீளமான கேபிளோடு வாசலில் தப்புக்காரர்களோடு நிற்க வேண்டியிருக்கும். கேபிள் நீண்டால் மேல்பகுதி போகும் என்பதால், கிட்டாருக்குப் பக்கத்திலேயே நீளக் கேபிளிலும் சிக்னலைக் காக்கும் ஒரு பஃபர் பெடல் வைத்துப் பார்க்கப் போகிறோம். சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு அதற்கான நாள் குறித்தாகிவிட்டது.